பீலி உடைஞ்சா ரொறன்ரோவைக் கேக்கவேணும்: யாழ்ப்பாணத்து மாணவர் அறைகளின் திருத்த வரலாறு

2023 கார்த்திகையில் திருநெல்வேலியில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கப் பீலி உடைந்தது. கூரைத் தண்ணி முழுக்க குளியலறைச் சுவரில் இறங்கத் தொடங்கியது. சுவரில் இருந்த சுவிட்சைத் தொட்டால் கை விறைக்கும். கீழே விழுந்த தண்ணி, அதற்கு முதலே வெடித்திருந்த சீமெந்து வாய்க்காலில் தேங்கி நின்றது. முன்பக்கத்தில் குடியிருக்கிற வீட்டுக்கார அன்ரியிடம் அண்டைக்கே போய்ச் சொன்னோம்.

"ஓம் பிள்ளையள், நான் மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

மகள் ரொறன்ரோவில். மகள் தன் கணவரைக் கேட்கவேண்டும். கணவர் கோண்டாவிலில் இருக்கிற தன் தம்பியைப் போய்ப் பார்க்கச் சொல்லவேண்டும். தம்பி ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். மேசன் சொன்ன கணக்கு வட்ஸ்அப்பில் ரொறன்ரோ போய், "கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ" என்று திரும்பி வரவேண்டும். எல்லாம் முடிய ஏழு கிழமை. அதற்குள் எங்களில் ஒருத்தி டெங்கு வந்து ஆறு நாள் வாட்டில் கிடந்தாள். வீட்டுக்குப் பின்னால் நின்ற அந்தத் தண்ணியால்தான் வந்தது என்று நாங்கள் நிரூபிக்க ஏலாது. அந்த மாரியில் யாழ்ப்பாணம் முழுக்க டெங்கு பரவிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கப் போன ஒவ்வொரு நாளும் எங்களுக்கு அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. கடைசியில் தகரத்துக்கும் மேசனுக்கும் போன காசு, எங்களில் ஒருவர் கட்டுகிற மாத வாடகையில் அரைவாசி.

அன்ரி கெட்டவர் இல்லை. டெங்கு வந்தவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவர்தான். மகளும் கஞ்சத்தனக்காரி இல்லை. அப்படியென்றால் திருநெல்வேலியில் உடைந்த ஒரு தகரப் பீலிக்கு ஏன் கனடாவில் அனுமதி எடுக்கவேண்டி இருக்கிறது? இந்தக் கேள்வியை நாங்கள் கொஞ்சம் பின்னால் போய்த் தேடினோம். எவ்வளவு தூரம் போகவேண்டி வந்தது என்று எங்களுக்கே ஆச்சரியம்.

பொஸ்ரனில் இருந்து வந்த கூரை

யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் வீட்டை விட்டுவந்து தங்கிப் படித்த கதை ஒரு திருத்த வேலையோடுதான் தொடங்குகிறது. 1816இன் பிற்பகுதியில் அமெரிக்க மிசனரிமார் இங்கே வந்து சேர்ந்தபோது, பிரித்தானிய அரசாங்கம் அவர்கள் பாவிக்கவென்று விட்டது புதுக் கட்டடங்களை அல்ல. போர்த்துக்கீசர் காலத்தில் தொடங்கி ஒல்லாந்தர் கைக்கு மாறி, பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய தேவாலயங்களையும் அவற்றோடு சேர்ந்த வீடுகளையும்தான். தெல்லிப்பழையில் டானியல் பூவரும் எட்வேட் வாரனும், வட்டுக்கோட்டையில் பெஞ்சமின் மெய்க்சும் ஜேம்ஸ் றிச்சர்ட்சும் குடியேறினார்கள். வட்டுக்கோட்டைத் தேவாலயத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. படிப்பிப்பதற்கு முதல் அவர்கள் மேசனையும் தச்சரையும் தேடவேண்டியிருந்தது.

அந்த இடத்தில்தான் 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை வந்தது. பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். சாப்பாடும் உடுப்பும் இலவசம். காசு எங்கேயிருந்து? அமெரிக்காவில் இருந்த கொடையாளிகளிடமிருந்து. ஒரு பிள்ளையின் செலவை ஏற்கிறவர் அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கச் சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் நியூ இங்கிலாந்துக்காரரின் பெயர்களோடு திரிந்தது அப்படித்தான். 1855இல் செமினரி மூடப்பட்டதும், பொஸ்ரன் தலைமையகத்திலிருந்து வந்த தூதுக்குழு ஒன்று பார்த்துவிட்டுப் போன பிறகுதான்.

இதை நாங்கள் மிசனைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்தக் கூரைகள் இல்லாவிட்டால் இந்தத் தீபகற்பத்தின் படிப்பு வரலாறே வேறு. நாங்கள் கவனிக்கச் சொல்வது ஒரு விசயத்தை மட்டும்: மாணவர் தலைக்கு மேலே இருக்கிற கூரைக்குக் காசு போடுகிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், கூரைக்குக் கீழே இருப்பவருக்கு அவரோடு நேரடியாகக் கதைக்க வழியில்லை. இந்த ஒழுங்கு எங்களுக்கு இருநூறு வருசப் பழக்கம்.

மண்வீடு பொறுக்காது, கல்வீடு பொறுக்கும்

அந்தக் காலத்தில் பெரும்பாலான சனம் இருந்தது மண்சுவர் வீட்டில், பனையோலையோ கிடுகோ வேய்ந்த கூரையின் கீழ். ஓலை வீட்டின் திருத்தத்துக்குக் காலக்கணக்கு உண்டு. மாரிக்கு முதல் வேயவேண்டும். ஒரு வருசம் தவறினால் ஒழுக்கு, அடுத்த வருசம் வளை உக்கிவிடும். ஓலையும் கயிறும் ஊருக்குள்ளேயே கிடைக்கும், வேய்கிற கைகளும் ஊருக்குள்ளேயே இருக்கும். இதை ஒரு பொற்காலமாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அந்தக் கைகளில் பல சாதிக் கடமை என்ற பெயரில், குடிமை முறையில் கூப்பிடப்பட்ட கைகள். கல்வீடு கட்டவும் ஓடு போடவும் எல்லாச் சாதியாருக்கும் இடம் கொடுக்கப்படவும் இல்லை. இருந்தாலும் ஒன்று உண்மை: ஓலைவீட்டின் திருத்தத்தைத் தள்ளிப்போட ஏலாது.

கல்வீட்டின் திருத்தத்தைத் தள்ளிப்போடலாம். அதுதான் அதன் பலமும் பிரச்சினையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, இங்கே ஆங்கிலம் படித்த ஆக்கள் மலாயாவுக்குப் போனார்கள். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் வேலை. அவர்கள் அனுப்பிய காசு கல்வீடாக எழும்பியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், திருநெல்வேலி என்று இன்றைக்கு மாணவர்கள் அறை தேடி அலைகிற ஒழுங்கைகளில், முன்விறாந்தையும் தூணும் உயர்ந்த ஓட்டுக் கூரையுமாக நிற்கிற பழைய வீடுகளில் பல அந்தக் காசின் பிள்ளைகள். காசு உழைத்தவர் கோலாலம்பூரில், வீட்டைப் பார்த்தவர் மனைவியின் தாயோ தமையனோ. திருத்தம் என்றால் கடிதம் போடவேண்டும். வட்ஸ்அப் அப்போது இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதற்கு மேல் ஒரு சட்ட அடுக்கும் உண்டு. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றைக்கும் வடபகுதித் தமிழருக்கு நடைமுறைச் சட்டம். எங்கள் பகுதியில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கல்யாணம் செய்த பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக் கைமாற்ற வேண்டுமென்றால் கணவரின் சம்மதம் வேண்டும். ஒரு பீலியைத் திருத்துவது கைமாற்றுவது இல்லைத்தான். ஆனால் 'மகளின் வீடு, மருமகனைக் கேக்காமல் ஒண்டும் செய்யக்கூடாது' என்ற பழக்கம் சட்டத்தின் எல்லையைத் தாண்டி மேசன் வேலை வரைக்கும் வந்துவிட்டது. அன்ரி "மகளிட்டைக் கேக்கவேணும்" என்று சொன்னது சாட்டு இல்லை. தான் நாற்பது வருசமாக இருக்கிற அந்த வீட்டில் அவருக்கும் உரிமை இல்லை. ஒருவகையில் அவரும் எங்களைப்போல ஒரு குடியிருப்பாளர்தான்.

போற ஆள்

1974 ஒக்டோபர் 6இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்கள்தான் அதன் மையம். முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. 1983 யூலைக்குப் பிறகு தெற்கில் படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்களும் இங்கே மாறி வந்தார்கள். விடுதிகள் கட்டப்பட்டன. ஆனால் எல்லாருக்கும் காணவில்லை, இன்றைக்கும் காணாது. மிச்சப் பேரை ஏந்தியது சுற்றியுள்ள வீடுகளின் பக்க அறைகள்.

அந்த அறைகள் வாடகைச் சந்தைக்கு வந்த காலத்தைக் கவனிக்கவேண்டும். அப்போது இலங்கையில் வீட்டு உரிமையாளர்கள் வாடகைக்காரரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பயத்தின் வேர் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. முதலாம் உலகப்போரின் நடுவே, 1915இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வாடகை ஏறியபோது, தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள் மேரி பார்பர் போன்றவர்களின் தலைமையில் வாடகை கட்டமாட்டோம் என்று நின்றார்கள். பிரித்தானிய அரசாங்கம் அந்த வருசமே வாடகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதே வகையான போர்க்காலச் சட்டம் 1942இல் இலங்கைக்கும் வந்தது. 1948இல் அது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாகி, 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாக இறுகியது. அதன் கீழ் வாடகைக்காரரை இலகுவில் எழுப்ப ஏலாது. அடுத்த வருசம் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்றும் எல்லை போட்டது. 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் பிடியைப் பெரிதும் தளர்த்திவிட்டன. ஆனால் "வாடகைக்கு விட்டா எழும்பமாட்டினம்" என்ற பயம் மட்டும் தளரவில்லை.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் மாணவர் கிடைத்தார். மாணவர் போற ஆள். மூன்று வருசம், நாலு வருசம், பட்டம் கிடைத்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார். ஆகவே எழுத்து வேண்டாம், பற்றுச்சீட்டு வேண்டாம். வாடகை என்று கூடச் சொல்லவேண்டாம், "போர்டிங்" என்று சொன்னால் காணும். வீட்டுக்காரர் அன்ரியாகவும் அங்கிளாகவும் ஆனார்கள், மாணவர்கள் பிள்ளைகள் ஆனார்கள்.

எங்கள் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். எந்தக் காரணத்துக்காக மாணவரை விரும்பி வைத்திருக்கிறார்களோ, அதே காரணத்துக்காகத்தான் அவருக்குத் திருத்திக் கொடுப்பதில்லை. போற ஆளுக்கு எதற்குப் புதுக் கதவு? இந்த வருசம் முறைப்படுகிறவர் அடுத்த வருசம் இருக்கமாட்டார். அடுத்த வருசம் வருகிறவருக்கு, அந்தக் கதவு எத்தனை வருசமாக அப்படி இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு அணியும் முதலாம் நாளிலிருந்து தொடங்குகிறது. வீட்டுக்கு ஞாபகம் இருக்கிறது, குடியிருப்பவருக்கு இல்லை.

"இது காணும்"

யுத்த காலத்தைச் சொல்லாமல் அன்ரிமாரைப் பற்றி எழுதினால் அது அநியாயம்.

1987 ஒக்டோபர் 11 இரவு இந்தியப் படைக் கொமாண்டோக்கள் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கினார்கள். திருநெல்வேலியும் கொக்குவிலும் ஒரே இரவில் போர்க்களமாயின. பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். மாணவர்கள் தங்கியிருந்த வீடுகளின் பகுதி அதுதான். 1990 யூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் சீமெந்து இருந்தது, இரும்பு இருந்தது, பற்றரி இருந்தது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், எங்கள் சுண்ணக்கல்லை அரைத்து 1950 முதல் நாடு முழுவதற்கும் சீமெந்து கொடுத்த தொழிற்சாலை காங்கேசன்துறையில்தான் இருந்தது. அதுவும் 1990இல் நின்றுபோனது. சீமெந்து செய்த மண்ணில் ஒரு மூடை சீமெந்து கிடையாது.

அந்த வருசங்களில் வீடு திருத்தியவர்கள் சுண்ணாம்பையும் களிமண்ணையும் குழைத்தார்கள். ஒரு இடிந்த வீட்டின் ஓட்டைக் கழற்றி இன்னொரு வீட்டின் ஒழுக்கை அடைத்தார்கள். பங்கருக்குப் பனங்குத்தி, விளக்குக்கு ஜாம் போத்தல். ஆனால் கழற்றப்பட்ட ஓடுகள் எல்லாம் இடிந்த வீட்டு ஓடுகள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம் மக்களை வெளியேற்றிய பிறகு, யாழ்ப்பாண நகரத்தில் அவர்களின் வீடுகள் ஓடும் கதவும் நிலையும் இல்லாமல் வெறும் சுவர்களாக நின்றன. யாரோ ஒருவரின் திருத்தத்துக்கு யாரோ ஒருவரின் வீடு பொருளானது. இதையும் எங்கள் திருத்த வரலாற்றில் எழுதாமல் விட ஏலாது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தவர்களை வரவேற்றது கதவில்லாத வீடுகள். எங்கள் அன்ரியும் அப்படித் திரும்பியவர்தான். குளியலறைக் கதவுக்கு மட்டும் ஏன் நிலை வேறு நிறத்தில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டோம். "அது தொண்ணூற்றாறிலை கிடைச்ச கதவு. அளவு சரியில்லை, ஆனா அண்டைக்கு அது கிடைச்சதே பெரிசு" என்றார். அந்தக் கதவுக்கு இப்போதும் கொண்டி ஒழுங்காக விழாது. நாங்கள் ஒரு வாளியை உள்ளே வைத்து அணை கொடுத்துத்தான் குளிப்போம்.

அன்ரிக்கு அந்தக் கதவு ஒரு வெற்றி. எங்களுக்கு அது பாதுகாப்பில்லாத கதவு. இரண்டும் உண்மை. ஒன்றுமே கிடைக்காத காலத்தில் வீட்டைக் காப்பாற்றிய ஒரு தலைமுறைக்கு "இது காணும்" என்பது வாழ்ந்து பெற்ற அறிவு. அந்த அறிவு, கடையில் கொண்டி கிடைக்கிற காலத்தில் வாடகை கட்டுகிற பிள்ளைக்குச் சொல்லப்படும்போதுதான் வேறு பொருளாகிறது.

வெளிநாட்டுக்காரர் வாற மாசம்

2009க்குப் பிறகு ஏ9 வீதி திறந்தது. காசும் சீமெந்தும் வந்தன. மலாயாவின் இடத்தில் ரொறன்ரோவும் லண்டனும் சூரிச்சும் வந்தன. வீடுகள் திருத்தப்பட்டன, உண்மைதான். ஆனால் எந்தப் பகுதி, எந்த மாசத்தில் திருத்தப்படுகிறது என்று பாருங்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கேற்றுக்குப் பெயின்ற் அடிபடும். முன்விறாந்தைக்கு மாபிள் பதிபடும். கலியாண வீடு இருந்தால் முன்மதில் புதிதாக எழும்பும். வெளிநாட்டிலிருந்து வருபவர் நடக்கிற வழி முழுக்கத் திருத்தம். மாணவர் பாவிக்கிற பின்பக்கம் அந்த வழியில் இல்லை. எங்கள் நண்பர்கள் சிலருக்கு அந்த ஒரு மாசம் அறையையே விட்டுக் கொடுக்கவேண்டி வந்தது. வாடகை மட்டும் குறையவில்லை.

பிறகு 2022 வந்தது. 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்த ஒரு மூடை சீமெந்து, 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. மேசன் கூலி, வயர், பைப் எல்லாம் ஏறின. மகாபொல உதவித்தொகை மட்டும் மாதம் ஐயாயிரத்திலேயே நின்றது. அதை 7,500 ஆக்கியது 2025 வரவுசெலவுத் திட்டம்தான். வீட்டுக்காரர் "சாமான் விலையைப் பாருங்கோ" என்றால் அதிலும் நியாயம் இருந்தது. மாணவர் தானே திருத்திக்கொள்ளவும் கையில் காசில்லை. அந்த இடைவெளியில்தான் பல வீடுகளின் கிணத்து மோட்டர்களும் குழாய்களும் நிரந்தரமாக "பிறகு பாப்பம்" நிலைக்குப் போயின.

இது வசதிக்குறைவு பற்றிய கதை மட்டும் இல்லை. வலிகாமத்தில் எங்கள் காலடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். ஒரு மலக்குழி வெடித்தால் அது அந்த வீட்டோடு நிற்காது, சுண்ணக்கல்லுக்குள்ளால் பக்கத்து வளவுக் கிணறு வரைக்கும் போகும். வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் பெரும்பாலும் குடிக்கிறதும் அந்த நிலத்தடி நீர்தான். இரண்டு பேருக்கெனக் கட்டிய குழியை எட்டு மாணவர்கள் பாவிக்கிற வீடுகளை எங்களுக்குத் தெரியும். அங்கே தள்ளிப்போடுகிற திருத்தம் ஒழுங்கையில் இருக்கிற எல்லாருடைய தண்ணிக்குள்ளும் போகிறது.

கேட்கக்கூடியவர், கேட்க ஏலாதவர்

எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரிக் கேட்க ஏலாது. அறை தேடிப் போனால் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தப்பித் தவறி அறை கிடைத்துவிட்டால், அதை இழக்கிற பயத்தில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு இங்கே சொந்தம் இல்லை, "மாமா வந்து கதைப்பார்" என்று சொல்ல ஆளில்லை. தெற்கிலிருந்து வருகிற சிங்கள மாணவர்களுக்கு 'அன்ரி' என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு மொழியிலும் பொது. மிச்சத்தைக் கையால்தான் காட்டவேண்டும். பெண்பிள்ளைகளுக்கோ அடிக்கடி முறைப்பட்டால் "வாய்க்காரி" என்ற பெயர் ஊருக்கே போய்விடும்.

அன்ரி என்ற சொல்லில் அன்பு இருக்கிறது. அந்த அன்பை நாங்கள் கஞ்சியாகக் குடித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல் ஒரு வேலையும் செய்கிறது: வாடகை கட்டுகிறவரின் உரிமையைப் பிள்ளையின் கெஞ்சலாக மாற்றிவிடுகிறது. தாயிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது யார்?

சட்டத்தில் இதற்கு விடை இல்லாமல் இல்லை. எங்கள் நாட்டின் பொதுச் சட்டமாக இருக்கிற ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி இது: வாடகைக்கு விட்டவர் அந்த இடத்தை, எதற்காக விட்டாரோ அதற்கு ஏற்ற நிலையில் பேணவேண்டும். அவர் செய்யாவிட்டால், முறையாக அறிவித்த பிறகு, வாடகைக்காரர் அவசியமான திருத்தத்தைத் தானே செய்து வாடகையில் கழிக்கலாம். இதை எங்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்காரருக்கோ வேறு ஒரு சட்டம்தான் நினைவில் நிற்கிறது: 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் பத்து வருசக் கணக்கும். யுத்தத்தில் ஓடிப்போனவர்களின் காணிகளில் வேறு ஆக்கள் இருந்து உரிமை கேட்ட கதைகள் இங்கே நிறைய. அதற்காக 2016இல் தனிச் சட்டமே கொண்டுவரவேண்டி வந்தது. ஆகவே "திருத்தக் காசு அவை போட்டா, பேந்து வீட்டிலை உரித்துக் கேப்பினம்" என்று பயப்படுகிறார்கள். உண்மையில் வாடகைக்காரராக ஏற்றுக்கொண்டு இருப்பவர் அந்தச் சட்டத்தின் கீழ் இலகுவில் உரிமை கோர ஏலாது. அவர் வாடகைக்காரர்தான் என்று காட்டுகிற எழுத்து, வீட்டுக்காரருக்கே பாதுகாப்பு. இரண்டு பக்கமும் பயத்தால் தவிர்க்கிற அந்தக் காகிதம் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கொப்பி

டெங்கு வந்தவள் வாட்டிலிருந்து வந்த கிழமை, நாங்கள் ஐந்து பேரும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். சண்டைக் கடிதம் இல்லை. "அன்ரிக்கு" என்றுதான் தொடங்கினோம். என்னென்ன உடைந்திருக்கிறது, எண்டைக்குச் சொன்னோம், எது ஆபத்து, எது பொறுக்கும் என்று வரிசையாக எழுதி, படமும் எடுத்து, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு பிரதி மகளுக்கு நேரே போனது. சின்னத் திருத்தங்களுக்கு ஒரு தொகை வரைக்கும் கேட்காமலே செய்து வாடகையில் கழிக்க விடுங்கள் என்றும் கேட்டோம்.

அன்ரிக்கு முதலில் மனம் நொந்தது. "இதென்ன கோட்டுக்குப் போற மாதிரி" என்று இரண்டு நாள் கதைக்கவில்லை. மகளிடமிருந்து நாங்கள் எதிர்பார்க்காத பதில் வந்தது. அந்தக் கொண்டி விழாத கதவு இன்னும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் தானும் வாளி வைத்துத்தான் குளித்தவராம். கதவு மாறியது. சுவிட்ச் இடம் மாறியது. வாய்க்கால் இன்னும் வெடிப்போடுதான் இருக்கிறது. வாடகையில் கழிக்கிற கதைக்கு "பாப்பம்" என்பதோடு சரி.

நாங்கள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டோம். வரும்போது ஒரு எண்பது பக்கக் கொப்பியை அடுத்த அணிப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். பீலி எப்போது உடைந்தது, யார் திருத்தினார், எவ்வளவு போனது, மேசனின் நம்பர், மலக்குழி கடைசியாக எப்போது எடுபட்டது, வாய்க்காலைப் பற்றி எத்தனை தரம் சொன்னோம் எல்லாம் அதில் இருக்கிறது. அன்ரி தொண்ணூற்றாறில் அந்தப் பழைய கதவை வாங்கிய கதையையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அதைத் தெரியாமல் கேட்பதும், தெரிந்துகொண்டு கேட்பதும் ஒன்றல்ல.

நீங்கள் இப்போது ஒரு அறையில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஒரு கொப்பியை வாங்குங்கள். இன்றைக்கு உடைந்து கிடப்பது என்னவோ அதை முதல் வரியில் திகதியோடு எழுதுங்கள். அடுத்ததாக வருகிறவர் இரண்டாவது வரியிலிருந்து தொடங்கட்டும்.